தண்ணி எந்தப் பக்கம் போகுது? – ஹென்றி டார்சியின் கதை

டார்சி என்ற பேரைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சிவில் பசங்களா இருந்தா மண்ணுக்குள்ள போற தண்ணிக்கு ஒரு ஃபார்முலா. மெக்கானிக்கல்னா குழாய் உராய்வுக்கு இன்னொரு ஃபார்முலா. மத்த டிபார்ட்மென்ட்டுக்கு ஏதோ இங்கிலீஷ் நாவல்ல வர்ற ஹீரோ. எனக்கும் மூணு வருஷமா அது ஒரு இரண்டு மார்க் கேள்விதான். எழுதினேன், மார்க் வாங்கினேன், மறந்துட்டேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில்தான் அந்த மனுஷனைத் தேடிப் படிக்க வேண்டிய நிலைமை வந்தது. ஏன்னு முதல்ல சொல்லிடறேன்.

எங்க டீமுக்கு வந்த ப்ராஜெக்ட் இது. ஊருக்கு வெளியே பல வருஷமா மூடிக் கிடக்கும் ஒரு பழைய பெட்ரோல் பங்க். அதன் டேங்கிலிருந்து எரிபொருள் கசிந்து நிலத்தடி நீரில் கலந்திருக்கிறதா என்று பார்க்கணும். யாரோ ஏற்கெனவே போட்டு வைத்த மூணு கண்காணிப்புக் கிணறு அங்கே இருந்தது. கிணறுன்னதும் ராட்டினம், கயிறு எல்லாம் நினைக்காதீங்க. கையளவு அகலத்தில் ஒரு பி.வி.சி. குழாய், தண்ணீர் உள்ளே வர கீழே மெல்லிய கீறல்கள், மேலே ஒரு மூடி. அவ்வளவுதான்.

படிச்சதை ஒண்ணு விடாம செஞ்சோம். குழாய்க்குள் தேங்கி நிற்கிற பழைய தண்ணியை அதன் கொள்ளளவில் மூணு மடங்கு இறைத்து வெளியே ஊத்தினோம். பி.எச்., மின்கடத்துத்திறன் இரண்டும் மாறாமல் நிலைக்கும்வரை காத்திருந்தோம். 40 மில்லி கண்ணாடிக் குப்பியில் ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் தளும்பத் தளும்ப நிரப்பி மூடினோம். குமிழி இருந்தால் பென்சீன் தண்ணீரிலிருந்து கிளம்பி அதுக்குள்ள போய் உட்கார்ந்துக்கும், லேபில் அளவு குறைவாகக் காட்டும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே அனுப்பினோம். மூணு கிணறும் சுத்தம்னு ரிசல்ட் வந்தது. ரிப்போர்ட்டில் மாசு எதுவும் இல்லைன்னு எழுதிட்டு நாலு பேரும் பிரியாணி சாப்பிடப் போனோம்.

ரிவ்யூ அன்றைக்கு வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த இடத்தில் நிலத்தடி நீர் எந்தப் பக்கம் போகிறது என்று. நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். யாருக்கும் தெரியலை. தண்ணியை எடுத்தோமே தவிர, அது எங்கிருந்து வருது, எங்கே போகுதுன்னு நாங்க யோசிக்கவே இல்லை.

அதை எப்படிக் கண்டுபிடிக்கணும்னு உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர்தான் ஹென்றி டார்சி.

கடன் வாங்கிப் படித்த பையன்

டார்சி 1803 ஜூன் 10 அன்று பிரான்சில் டிஜோன் நகரத்தில் பிறந்தார். 14 வயதில் அப்பா தவறிவிட்டார். பிள்ளைகளைப் படிக்க வைக்க அம்மா கடன் வாங்கினார். எஜுகேஷன் லோனில் படிக்கிற நம்ம பசங்களுக்கு இந்த இடம் நல்லாவே புரியும்.

பையன் ஏமாற்றவில்லை. 1821-ல் பாரிஸின் எக்கோல் பொலிடெக்னிக்கில் சேர்ந்தார். இரண்டு வருஷத்தில் அங்கிருந்து சாலை, பாலம் கட்டும் அரசுப் பொறியாளர்களை உருவாக்கும் கல்லூரிக்குப் போனார். படிப்பு முடிந்ததும் அரசு வேலை, கொஞ்ச நாளிலேயே சொந்த ஊரான டிஜோனுக்கே போஸ்டிங். 1828-ல் ஹென்றியெட் என்ற ஆங்கிலேயப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அவங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அந்தக் காலத்து டிஜோனில் நல்ல தண்ணீர் கிடையாது. இருந்த கிணறுகளில் ஊரின் அழுக்கெல்லாம் இறங்கியது. ஆழமாகத் துளை போட்டால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று நகரத்தார் நம்பினார்கள். தோண்டிப் பார்த்தார்கள். தண்ணீர் வந்தது, ஆனால் ஒரு ஊருக்குப் போதுமான அளவுக்கு வரவில்லை. அந்த வேலையில் இளம் டார்சியும் இருந்தார். ஒரு போர் போட்டுத் தண்ணி வராமல் போனால் வீட்டில் எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியும். இங்கே ஒரு ஊரே அப்படி நின்றது.

1832-ல் பாரிஸில் காலரா ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்று லண்டனில் ஜான் ஸ்னோ ஒரு தெருப் பம்ப்பை வைத்துக் காட்டியது 1854-ல்தான். அதற்கு 20 வருஷம் முன்னாலேயே, 1834-ல், டார்சி தன் ஊருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவரும் திட்டத்தை எழுதி நகராட்சியிடம் கொடுத்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 31.

திட்டம் இதுதான். ஊருக்கு வெளியே ரோஸ்வார் என்ற ஊற்று இருக்கிறது. அதன் தண்ணீரை 12.7 கிலோமீட்டர் நீளத்துக்கு மூடிய கால்வாயில் கொண்டுவர வேண்டும். ஊரின் ஓரத்தில் நீர்த்தேக்கத்தில் நிறுத்த வேண்டும். அங்கிருந்து குழாய்கள் வழியாகத் தெருத்தெருவாக அனுப்ப வேண்டும். எங்கேயும் பம்ப் கிடையாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானாக ஓடும், அதுதான் மோட்டார். 1839-ல் வேலை தொடங்கி 1840 செப்டம்பரில் டிஜோனுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தது. பிறகு வேலை விரிந்து, ஊருக்குள் 28 கிலோமீட்டர் அழுத்தக் குழாய் ஓடியது. பாரிஸிலேயே பல வீடுகளுக்குத் தண்ணீரைச் சுமந்து கொண்டுபோன காலம் அது.

இவ்வளவு பெரிய வேலைக்கு அவருக்குச் சேர வேண்டிய கட்டணம் பெரிய தொகை. டார்சி அதை வாங்கவில்லை. ஊர் கொடுத்த தங்கப் பதக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

நம்ம ஊரிலும் அதே வித்தை

இதைப் படிக்கும்போது புதுச்சேரிக்காரங்களுக்கு ஒரு பொறி தட்டியிருக்கணும். பாரதி பூங்கா நடுவில் நிற்கிற ஆயி மண்டபம் ஞாபகம் வருதா? நாம செல்ஃபி எடுத்துட்டு நகர்ந்துடற அந்த வெள்ளை மண்டபம், முத்தரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்ததன் நினைவாகக் கட்டியது. 1860-களில் அந்த வேலையைச் செய்தவர் லாமெரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். அவரும் டார்சி மாதிரியே சாலை, பாலப் பொறியாளர் படையைச் சேர்ந்தவர். தமிழ் மேல் ஆசைப்பட்டுத் திருக்குறளைப் பிரெஞ்சுக்குக் கொண்டுபோனவரும் அவரேதான். டிஜோனில் ஓடிய வித்தைதான் இங்கேயும் ஓடியது. உயரமான இடத்தில் நல்ல தண்ணீரைக் கண்டுபிடி, மூடிக் கொண்டுவா, சரிவை நம்பு.

பாரிஸுக்குத் துரத்தினார்கள்

டார்சியின் வாழ்க்கை அப்படியே சுகமாகப் போயிருக்கலாம். பாரிஸ்–லியோன் ரயில் பாதை டிஜோன் வழியாக வருவதற்குப் போராடினார். அதற்காக பிளேஸி என்ற இடத்தில் 4 கிலோமீட்டருக்குச் சுரங்கம் குடைய வேண்டியிருந்தது. அதுவும் நடந்தது. ஊரில் நல்ல பேர்.

1848-ல் பிரான்சில் புரட்சி. புதிய ஆட்சிக்கு டார்சி வேண்டாதவர் ஆனார். சொந்த ஊரைவிட்டு மாற்றினார்கள். கடைசியில் பாரிஸில் தண்ணீருக்கும் சாலைகளுக்கும் பொறுப்பான பதவியில் வந்து நின்றார். பழிவாங்கும் டிரான்ஸ்ஃபர் எல்லா நாட்டிலும் உண்டு போல. ஆனால் அவர் உட்கார்ந்து புலம்பவில்லை. புதுக் குழாய், பழைய குழாய், வழுவழுப்பான குழாய், துருப்பிடித்த குழாய் என்று வரிசையாக எடுத்து ஓடும் தண்ணீரை அளந்தார். குழாயின் உள்பக்கம் எவ்வளவு சொரசொரப்பு என்பதைப் பொறுத்து உராய்வு மாறும் என்று நிறுவினார். ஹைட்ராலிக்ஸ் பேப்பரில் நம்மைப் படுத்தி எடுக்கிற டார்சி–வைஸ்பாக் சமன்பாட்டில் அவர் பேர் வந்தது இப்படித்தான். ஓடுகிற தண்ணீரின் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயையும் திருத்தி, நம்பி அளக்கிற கருவியாக ஆக்கினார்.

உடம்பு மட்டும் ஒத்துழைக்கவில்லை. 1855-ல் நோய் காரணமாகப் பொறுப்புகளிலிருந்து விடுப்புக் கேட்டு டிஜோனுக்கே திரும்பினார். வயது 52. எல்லாரும் ஓய்வெடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவருடைய பேரை நிலைநிறுத்திய வேலையே அதற்குப் பிறகுதான் நடந்தது.

ஆஸ்பத்திரி முற்றத்தில் ஒரு மணல் குழாய்

டிஜோன் நீர் விநியோகத்தைப் பற்றி, மற்ற ஊர்ப் பொறியாளர்களுக்கும் உதவுகிற மாதிரி ஒரு பெரிய புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். அதில் தண்ணீரை மணலில் வடிகட்டுவது பற்றியும் எழுத வேண்டும். ஒரு மணல் படுகை எவ்வளவு தண்ணீரை விடும் என்பதற்கு அன்றைக்கு யாரிடமும் சரியான விதி இல்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுத அவருக்கு மனசு வரவில்லை. செய்து பார்த்துவிடலாம் என்று இறங்கினார்.

டிஜோன் ஆஸ்பத்திரி முற்றத்தில் ஆளைவிட உயரமான ஓர் இரும்புக் குழாயை நட்டு வைத்தார்கள். உள்விட்டம் 35 சென்டிமீட்டர். அதில் சோன் ஆற்று மணலை நிரப்பினார்கள். மேலிருந்து தண்ணீரை விட்டு, கீழே வெளியேறுவதை அளந்தார்கள். மணலுக்கு மேலே ஒரு பாதரச அழுத்தமானி, கீழே இன்னொன்று. கூட வேலை செய்தவர் சார்ல்ஸ் ரிட்டர் என்ற பொறியாளர்.

லேப் செய்த எல்லாருக்கும் பிடிக்கிற விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிற அதே குழாயிலிருந்துதான் இந்தச் சோதனைக்கும் தண்ணீர் எடுத்தார்கள். உள்ளே யாராவது குழாயைத் திறந்தாலோ மூடினாலோ இங்கே பாதரசம் தாறுமாறாக ஆடும். டார்சி அதை மறைக்கவில்லை. ஆடியது, ஏன் ஆடியது, சராசரி எப்படி எடுத்தோம் என்று எல்லாவற்றையும் புத்தகத்தில் எழுதி வைத்தார். ரீடிங் ஒத்து வரலைன்னா பக்கத்து பேட்ச் நோட்டைப் பார்த்து எழுதுற நமக்கு, அந்தப் பக்கத்தைப் படிச்சா கொஞ்சம் கூச்சமா இருக்கும்.

1855 இலையுதிர் காலத்திலும் 1856 பிப்ரவரியிலும் செய்த சோதனைகளில் ஒரு விதி தெளிந்து வந்தது. மேல் மட்டத்துக்கும் கீழ் மட்டத்துக்கும் வித்தியாசம் இரண்டு மடங்கானால் தண்ணீரும் இரண்டு மடங்கு போகும். மணலின் நீளம் இரண்டு மடங்கானால் தண்ணீர் பாதியாகும். மீதியை அந்த மணலின் தன்மை தீர்மானிக்கும். அவ்வளவுதான். 1856-ல் வந்த அந்தத் தடிமனான புத்தகத்தின் பின்னிணைப்பில் சில பக்கங்களாக இது இருக்கிறது. உலகம் முழுக்க நிலத்தடி நீரியல் என்ற படிப்பு அந்தச் சில பக்கத்தின் மேல்தான் நிற்கிறது.

அந்த இரண்டு அழுத்தமானிகளை இப்போ கொஞ்சம் உற்றுப் பாருங்க. மணலில் இரண்டு இடத்தில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று சொல்லும் குழாய்கள் அவை. பழைய பங்க்கில் நாங்க பார்த்த கண்காணிப்புக் கிணறுகளும் அதேதான்! அவை முதலில் மட்டம் காட்டும் கருவி. சாம்பிள் எடுக்கும் துளை என்பது அதற்குப் பிறகு. நாங்க முதல் வேலையை விட்டுட்டு இரண்டாவது வேலையை மட்டும் பக்காவா செஞ்சிருந்தோம்.

மறுபடி அந்த பங்க்குக்கு

சர்வே லேபிலிருந்து ஆட்டோ லெவல் வாங்கிட்டு மறுபடி போனோம். மூணு குழாய் வாயின் உயரத்தையும் ஒரே அடிப்படையிலிருந்து எடுத்தோம். அளவு நாடாவை விட்டு ஒவ்வொன்றிலும் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதென்று பார்த்தோம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் நீர்மட்டம். மூணு புள்ளி இருந்தால் போதும், சரிவு எந்தப் பக்கம் என்று கோடு போட்டுவிடலாம். போட்டோம். டேங்க் இருந்த இடத்துக்கு மூணு கிணறுமே மேல்பக்கம். அதாவது, டேங்கைத் தொடுவதற்கு முன்னால் வருகிற தண்ணீரைப் பிடித்து, சுத்தமாக இருக்கிறது என்று நாங்க சர்டிஃபிகேட் கொடுத்திருக்கோம்.

கணக்கு ஒன்று போட்டுப் பாருங்க, நீங்களே புரிஞ்சுக்குவீங்க. ஒரு மணல் படுகையின் நீர்கடத்தும் திறன் நாளுக்கு 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சரிவு 500 மீட்டருக்கு 1 மீட்டர். மணலில் கால்பங்கு வெற்றிடம். பெருக்கி வகுத்தால் தண்ணீர் ஒரு நாளைக்கு 8 சென்டிமீட்டர் நகரும், வருஷத்துக்கு 29 மீட்டர். பெட்ரோல் தண்ணீரைவிட லேசு, அதனால் நீர்மட்டத்தின் மேலே மிதக்கும். அதிலிருந்து கரைகிற பென்சீன் தண்ணீரோடு சேர்ந்து கிளம்பும், மண்ணில் ஒட்டியும் நுண்ணுயிர்களுக்கு இரையாகியும் கொஞ்சம் பின்தங்கி வரும். இவ்வளவு மெதுவாக நகர்வதால்தான் கசிந்த அன்றைக்கு யாருக்கும் தெரியாது. வருஷம் கழித்து யார் வீட்டுக் கிணற்றிலோ வாடை அடிக்கும்.

கற்பனை இல்லை இது. சென்னை தண்டையார்பேட்டையில் 2013-ல் வீட்டு போர் தண்ணீரில் பெட்ரோலிய வாடை அடித்தது. தரைக்கடியில் போன எண்ணெய்க் குழாயின் கசிவுதான் பின்னணி. வழக்கு பசுமைத் தீர்ப்பாயம்வரை போனது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தது. 2019-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் மின் நிறுவனத்தை 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. யாழ்ப்பாணத்துத் தரை சுண்ணாம்புக்கல். அங்கே தண்ணீர் பொந்துகள், வெடிப்புகள் வழியாக ஓடுகிறது. மணலுக்குச் சொன்ன டார்சி விதியை அப்படியே அங்கே தூக்கிப் போட முடியாது. எங்கே எது செல்லும் என்று தெரிந்துகொள்வதும் படிப்பில் சேர்த்திதான்.

எங்க பங்க்குக்குக் கீழ்ப்பக்கம் ஒரு வீடு இருந்தது. திறந்த கிணறு, இரண்டு சின்னப் பிள்ளைகள். அந்த வீட்டு அக்காவிடம் கேட்டு நாலாவது சாம்பிள் எடுத்தோம். பென்சீன் இருந்தது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இது அதைவிடக் குறைவுதான். ஆனால் இருந்தது. எங்க கைடு உரிய அலுவலகத்துக்கு எழுதினார். அக்கா இப்போ சமையலுக்கும் குடிக்கவும் தெருக்குழாய்த் தண்ணியைப் பிடிக்கிறாங்க. ரிப்போர்ட்டின் கடைசி வரியை நாங்க அடிச்சுட்டு வேற எழுதினோம். அந்தக் கேள்வியை யாரும் கேட்காம விட்டிருந்தா? முதல் ரிப்போர்ட் பைண்டிங் ஆகி, லைப்ரரி அலமாரியில் ஏறி, அந்த வீட்டுக் கிணறு சுத்தம்ங்கிற மாதிரியே உட்கார்ந்திருக்கும்.

டார்சி பார்க்காத பெட்ரோல்

புத்தகம் வந்து இரண்டு வருஷம்கூட டார்சி இல்லை. பாரிஸுக்குப் போன இடத்தில் நிமோனியா வந்து 1858 ஜனவரி 3 அன்று இறந்தார். வயது 54. உடலை டிஜோனுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அவர் தொடங்கி வைத்த கால்வாய் நீரோட்டச் சோதனைகளை உதவியாளர் பாசின் தொடர்ந்து முடித்தார். டிஜோனில் அவர் கட்டிய நீர்த்தேக்கம் இருக்கும் சதுக்கத்துக்கு இன்றைக்கும் டார்சி என்றுதான் பேர்.

அவர் இறந்த அடுத்த வருஷம், 1859-ல், அமெரிக்காவில் எட்வின் டிரேக் எண்ணெய்க்கென்றே கிணறு தோண்டி எண்ணெய் எடுத்தார். பெட்ரோல் யுகத்தையே டார்சி பார்க்கவில்லை. ஆனால் பூமிக்கடியில் பாறை எவ்வளவு எண்ணெயை விடும் என்று அளக்க எண்ணெய்க் கம்பெனிகள் இன்றைக்குப் பயன்படுத்துகிற அலகின் பேர் என்ன தெரியுமா? டார்சி. எண்ணெயை வெளியே எடுக்கவும் அவர் விதி. அது கசிந்து நம் கிணற்றுக்கு வருகிறதா என்று பார்க்கவும் அவர் விதி.

நாங்க நாலு பேரும் சாரத்தில் காமராஜர் சாலைப் பக்கம் ஒரு மாடியில் வாடகைக்கு இருக்கோம். ப்ராஜெக்ட் என்னன்னு தெரிஞ்சதிலிருந்து ஹவுஸ் ஓனர் அம்மாவுக்கு ஒரே கவலை. நம்ம போர் தண்ணி நல்லாயிருக்கா தம்பின்னு பார்க்கும்போதெல்லாம் கேட்பாங்க. முன்னாடி இருந்த நானா இருந்தா ஒரு பாட்டிலில் பிடிச்சுட்டுப் போயிருப்பேன். இப்போ முதல்ல அவங்ககிட்ட நான் கேட்டது, சுத்துவட்டாரத்தில் யார் யார் வீட்டில் போர் இருக்கு, எத்தனை அடியில் தண்ணி நிக்குது என்பதுதான். பாட்டிலை நாளைக்கு எடுத்துக்கலாம்மா, முதல்ல நாடாவை விட்டுப் பார்த்துடறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

உங்க வீட்டுப் போரில் தண்ணி எந்த மட்டத்தில் நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா? இந்த வாரம் ஊருக்குப் போனா கேட்டுட்டு வாங்க.